மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்அறையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரிச்சி தெருவில் அண்ணன் கடையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றுக்கொண்டு, கல்யாணமாகி இங்கே வந்ததும் தனியாக மேஜை போட்டவள். காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். மீதிப் பேர் டேலியில் கணக்கு எழுதுபவர்கள், போட்டோ ஸ்டுடியோக்காரர்கள், கானா கச்சேரிக்கு டிராக் போடும் பசங்கள்.

"ஓசியில் குடுத்த லேப்டாப் வேற எப்படி இருக்கும்?" என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. 2011-ல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தபோதும் இதே பேச்சுதான். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கொடுப்பதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்த பிறகு அது மறுபடி கிளம்பியிருக்கிறது. என் மேஜைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கியதும் அரசு கொடுத்ததும் ஒரே விதமாகத்தான் கெடுகின்றன. எங்கேயோ "போர்டு போச்சு", அதாவது உள்ளே இருக்கும் மதர்போர்டே கெட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பி, கடைசி நம்பிக்கையாக என்னிடம் வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு சுவரில் இருக்கிறது. அதுவும் பிளக்கின் மூன்றாவது பின்னில், அதாவது கசியும் கரண்ட்டை மண்ணுக்கு அனுப்பும் எர்த் பின் இல்லாமல் போனதில்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பிராட்வேயில் படிக்கும் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். லேப்டாப்பில் அம்புக்குறி தானாகத் துள்ளுகிறது, தொடாமலே ஏதேதோ திறக்கிறது என்றாள். முதலில் பார்த்த கடையில் டச்பேடு போய்விட்டது, போர்டும் சந்தேகம் என்று சொல்லி அவர்கள் கேட்ட தொகையில் பழைய லேப்டாப் ஒன்றே வாங்கிவிடலாம். என் மேஜையில் வைத்து சார்ஜர் போட்டு ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. "இங்க வந்தா நல்ல புள்ளையா இருக்குக்கா, வூட்டுக்குப் போனா ஆட்டம் போடுது" என்றார் அந்த அம்மா. சார்ஜரைக் கழற்றிவிட்டு வெறும் பேட்டரியில் ஓட்டினால் வீட்டிலும் ஆடுகிறதா என்று கேட்டேன். பெண் யோசித்துப் பார்த்து, "இல்லக்கா, அப்ப ஆடாது" என்றாள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சந்துக்குள் அடுத்தடுத்து நாலு குடித்தனம், வாசலில் பொதுவான அடிபம்பு. சார்ஜர் வயரின் பிளக்கைப் பார்த்தால் மேலே இருக்க வேண்டிய தடித்த பின் அறுக்கப்பட்டு, ஹாக்ஸா பிளேடு ஓடிய இடம் பளபளவென்று இருக்கிறது. "ஜங்ஷன் பாக்ஸுல மூணு காலு நுழையல, எங்க அண்ணந்தான் அறுத்துக் குடுத்தாரு" என்றார் அம்மா. அந்த அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று ஓட்டை உள்ள பாக்ஸ் வாங்கியிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. நம் பஜாரில் விற்கும் மலிவான ஜங்ஷன் பாக்ஸ்களில் பலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஓட்டை சும்மா பிளாஸ்டிக்கில் இருக்கும், பின்னால் பித்தளைப் பட்டையே இருக்காது. பட்டை இருந்தாலும் அதற்கு வயர் போயிருக்காது.

லேப்டாப்பின் யுஎஸ்பி வாயைச் சுற்றியிருக்கும் உலோகத்தில் மீட்டரின் ஒரு முனையை வைத்தேன். இன்னொரு முனையை நீளமான வயர் போட்டு அடிபம்பில் கட்டினேன். மண்ணுக்குள் இறங்கிய இரும்புக் குழாயைவிட வசதியான எர்த் எங்கள் பக்கத்தில் ஏது? மீட்டர் 90 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அத்தனை நாள் அதைத்தான் மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

பயப்படத் தேவையில்லை என்று விளக்கினேன். சார்ஜருக்குள் பெரும்பாலும் நீல நிறத்தில் வட்டமாகச் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் வரும் இரண்டு கம்பிகளிலும் உள்ள இரைச்சலை, அதாவது தேவையில்லாத மின் அதிர்வுகளை, எர்த்துக்குத் தள்ளிவிடுவதுதான் அவற்றின் வேலை. எர்த் இருந்தால் எல்லாம் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் பின்னை அறுத்துவிட்டால் அதற்குப் போக வழியில்லை. லேப்டாப்பின் உடம்பிலேயே தங்கிவிடும். இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அங்கே நிற்கும். வோல்ட் அதிகமாகத் தெரிந்தாலும் அதில் ஓடக்கூடிய கரண்ட் மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பங்குதான். அதனால்தான் உயிருக்கு ஆபத்தில்லாமல் விரலில் சுருக்கென்று மட்டும் படுகிறது. செருப்பில்லாமல் தரையில் கால் வைத்தால் கூடுதலாகத் தெரியும். நம் வீட்டுக்குள் செருப்பு போட்டு நடக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது?

டச்பேடு விஷயம் இதோடு சேர்ந்ததுதான். விரல் பட்டதும் ஏற்படும் மிகச் சிறிய மின்மாற்றத்தை வைத்தே அது விரலைக் கண்டுபிடிக்கிறது. உடம்பு முழுக்க இரைச்சல் ஏறியிருந்தால் இல்லாத விரலை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். புது பவர் கார்டு ஒன்று மாட்டி, ஃப்ரிட்ஜுக்காகச் சரியாக எர்த் போட்டிருந்த பாயின்ட்டில் சொருகினேன். ஆட்டம் நின்றது. செலவு அந்த கார்டின் விலை மட்டும்தான்.

சின்ன இரண்டு பின் சார்ஜரோடு வரும் லேப்டாப்புகளும் உண்டு. அவற்றிலும் லேசாகச் சுருக்கென்று இருக்கலாம். அவை எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இயங்கும்படி செய்யப்பட்டவை. கம்பெனி சார்ஜராக இருந்தால் கவலை வேண்டாம். பெயர் தெரியாத சார்ஜர் என்றால்தான் கவலை. அதற்குள் பாதுகாப்புக்கென்று உள்ள கெப்பாசிட்டருக்குப் பதில் சாதாரணத்தைப் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் வீட்டுக் கரண்ட் நேராக லேப்டாப்பின் உடம்புக்கு வந்துவிடும். அப்போது படுவது சுருக்கென்று இருக்காது, தூக்கி அடிக்கும்.

எர்த் இல்லாததால் வரும் தொல்லை டச்பேடோடு நிற்பதில்லை. கிரிக்கெட் பார்க்க லேப்டாப்பை டிவியில் கனெக்ட் பண்ணும்போது எச்டிஎம்ஐ முனையில் சின்னப் பொறி தட்டும். "கனெக்ட் ஆகுது" என்று நினைத்துக்கொள்வார்கள். டிவியின் கேபிள் வயர் வேறெங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், லேப்டாப்பின் உடம்போ பாதிக் கரண்ட்டில் நிற்கும். இரண்டும் சேரும் அந்த நொடியில் சில நேரம் எச்டிஎம்ஐ சிப் போய்விடுகிறது. அதன் பிறகு எந்த டிவியிலும் படம் வராது. டிவி, புரொஜெக்டர், ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், கேபிளைச் சொருகுங்கள், பிறகு சார்ஜரைப் போடுங்கள். இதற்குக் காசே செலவில்லை. கானா கச்சேரி பசங்கள் மிக்சரில் "உர்ர்" என்று இரைகிறது, சவுண்டு கார்டு மாத்திக் குடுங்கக்கா என்று வருவார்கள். சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் போகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். போகிறது என்றால் சவுண்டு கார்டுக்கு அங்கே வேலையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எர்த் இல்லை என்று சொன்னதும் சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். டெஸ்ட் பல்பு எரிகிறது, "எர்த் வந்துடுச்சும்மா" என்பார்கள். அதைவிட ஆபத்தானது வேறில்லை. தெருவிலோ மீட்டர் போர்டிலோ நியூட்ரல் விட்டுப்போனால் அந்த சாக்கெட்டில் சொருகிய எல்லாவற்றின் உடம்பிலும் முழுக் கரண்ட் ஏறி நிற்கும். ஃப்ரிட்ஜ் கதவு, வாஷிங் மிஷின், லேப்டாப், எல்லாமே. எர்த் என்றால் மண்ணிலிருந்து தனி வயராக வர வேண்டும். வீட்டுக்காரர் முதலில் முகம் சுளிப்பார். நாலு குடித்தனமும் சேர்ந்து கேட்டால் போட்டுக் கொடுப்பார். ஏற்கெனவே எர்த் குழி இருக்கும் வீடுகளில் அதன் மேல் சிமென்ட் பூசி மூடிவிடாதீர்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தும் பலம் குறையும், அவ்வப்போது அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இனி, லேப்டாப் அறவே ஆன் ஆகவில்லை என்றால் என்ன செய்வது? கடைக்கு ஓடுவதற்கு முன் சுவரிலிருந்து லேப்டாப்பை நோக்கி வாருங்கள். பாயின்ட்டில் கரண்ட் இருக்கிறதா என்று வேறு எதையாவது சொருகிப் பாருங்கள். சார்ஜர் பெட்டிக்குள் போகும் கார்டு இடையில் கழன்றிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். இதற்கே பாதிப் பேருக்கு உயிர் வந்துவிடும். சார்ஜரில் சின்ன விளக்கு இருந்தால் அது பேசும். சுவரில் சொருகியதும் எரிந்து, லேப்டாப்பில் குத்தியதும் அணைந்துவிட்டால், பெரும்பாலும் லேப்டாப்புக்குள் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும்தான் போர்டைப் பற்றிப் பேசவே வேண்டும். சுவரில் சொருகும்போதே எரியவில்லை என்றால் கோளாறு சார்ஜரிலோ கார்டிலோதான். விளக்கு ஒழுங்காக எரிந்தும் லேப்டாப் அசையவில்லை என்றால், சார்ஜர், மவுஸ், பென்டிரைவ், வயர்லெஸ் மவுஸுக்காகச் சொருகும் சின்ன டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். எத்தனையோ லேப்டாப்புகள் இதற்கே எழுந்து உட்கார்ந்துவிடும். கடையில் இதைச் செய்துவிட்டு "ஐசி மாத்தினேன்" என்று பில் போடுபவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

ஃபேன் சுற்றி, விளக்கும் எரிந்து, திரை மட்டும் இருட்டாக இருந்தால் செல்போன் டார்ச்சை ஸ்க்ரீனில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் மட்டும்தான் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் ரேம் என்ற நினைவகத் துண்டு அதன் ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். அதைக் கழற்றி, பொன் நிறப் பற்களைச் சுத்தமான ரப்பரால் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கினால் பல நேரம் தீர்ந்துவிடும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது அடிக்கடி வரும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செம்பில் பச்சை பூக்கவைத்துவிடும். காசிமேட்டிலிருந்து வருபவற்றில் சார்ஜர் சொருகும் டிசி ஜாக்கின் உள்ளே அந்தப் பச்சையை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். சார்ஜரை ஆட்டினால் வருகிறது, விட்டால் போகிறது என்று சொல்லும் லேப்டாப்புகளுக்கு அந்த ஜாக் மட்டும் மாற்றினால் போதும். பல மாடல்களில் ஜாக் போர்டில் ஒட்டியிருக்காது, சின்ன வயரோடு தனியாக வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் வேலைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்தபோது எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த லேப்டாப்புகளில் தண்ணீரோடு எண்ணெய்யும் இருந்தது. அவற்றில் பிழைத்தவை எல்லாம், நனைந்ததும் ஆன் செய்து பார்க்காமல் கொண்டுவந்தவை. "வேலை செய்யுதான்னு பாத்தேன்க்கா" என்று வந்தவற்றில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சவில்லை. நனைந்த லேப்டாப்பை ஆன் செய்யாதீர்கள், சார்ஜர் போடாதீர்கள். அரிசிப் பானையில் புதைப்பதாலும் பயனில்லை, மாவுதான் உள்ளே போய்ச் சேரும்.

சார்ஜர் வாங்கும் விஷயத்தில் நம் மக்கள் முனை நுழைகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். பழைய சார்ஜரின் ஸ்டிக்கரைப் படியுங்கள். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கி 65 வாட். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதைவிடக் கூடுதலாக இருந்தால் தவறில்லை, தேவையானதை மட்டும் லேப்டாப் எடுத்துக்கொள்ளும். குறைவாக இருக்கக் கூடாது. 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் போட்டால் சார்ஜர் கொதிக்கும், பேட்டரி ஏறாது, லேப்டாப் ஊர்ந்து போகும். வாங்கின அன்றே கடையில் மீட்டர் வைத்து "பாருங்க, 19 காட்டுது" என்பார்கள். சும்மா இருக்கும்போது எந்தப் போலியும் 19 காட்டும். லேப்டாப் இழுக்க ஆரம்பித்ததும் சரிவதுதான் விஷயம்.

டெல், எச்பி மாடல்கள் பலவற்றில் சார்ஜர் முனையின் நடுவில் ஊசியாக ஒரு பின் இருக்கும். அது கரண்ட் கொடுப்பதற்கானது இல்லை, சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்கானது. அந்த ஊசி வளைந்தாலோ, போலி சார்ஜரில் அந்தத் தகவல் இல்லாவிட்டாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. உடனே "பேட்டரி மாத்து" என்பார்கள். புது பேட்டரியும் ஏறாது. பிறகு "போர்டு". இப்படியே போகும்.

புதிதாக வருபவற்றில் டைப்-சி வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் செல்போன் சார்ஜரும் அதே முனைதான் என்பதால் வேறு குழப்பம். டைப்-சியில் சார்ஜரும் லேப்டாப்பும் 5 வோல்ட்டில் பேச்சை ஆரம்பித்து, ஒத்துப்போனால் 20 வோல்ட் வரை ஏறுகின்றன. 18 வாட் செல்போன் சார்ஜரிடம் அதற்குச் சத்து கிடையாது. 65 வாட் சார்ஜர் இருந்தும் மெதுவாக ஏறினால் கேபிளைப் பாருங்கள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், 60 வாட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள். இந்தியாவில் விற்கும் அடாப்டர்களுக்கு, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். ஸ்டிக்கரில் ஆர் என்று தொடங்கும் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அதைப் போட்டால் யார் தயாரித்தது என்று வந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள், அவர் முகமும் கொஞ்சம் சொல்லும்.

"லோ வோல்டேஜ்ல லேப்டாப் போயிடும்" என்று ஸ்டெபிலைசர் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். வீண் செலவு. ஸ்டிக்கரிலேயே 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். குறைவான வோல்டேஜ் சார்ஜரைக் கொல்லாது, அதிகமானதுதான் கொல்லும். மழைக்காலத்தில் ஒரு ரூமில் லைட் கண் கூசும்படி எரிந்து இன்னொன்றில் மங்கினால் நியூட்ரல் போய்விட்டது என்று அர்த்தம். எதையும் யோசிக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள்.

மவுஸ், ஹார்ட் டிஸ்க் கதைகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் போட்டு திரையில் வராவிட்டால் உடனே டிஸ்க் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும், 3.0 என்றால் 900. டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் அது போதாமல் போகலாம். நீளமான கேபிளையும் ஒரு போர்ட்டைப் பலவாக்கும் மலிவான ஹப்பையும் தூக்கிவிட்டு நேராகப் போர்ட்டில் சொருகிப் பாருங்கள். அப்படியும் 'டிக் டிக்' நிற்கவில்லை என்றால் மறுபடி மறுபடி முயலாமல் டேட்டா எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்திப் போனால் அதன் டாங்கிள் நீல நிற 3.0 போர்ட்டில் இருக்கிறதா, பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். 3.0 வேலை செய்யும்போது வரும் இரைச்சல் இந்த மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-ல் எழுதி வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை எதிர்ப் பக்கத்துக் கறுப்பு போர்ட்டுக்கு மாற்றினால் புது மவுஸ் வாங்கும் காசு மிச்சம். யுஎஸ்பி வாய்க்குள் இருக்கும் நாக்கு வளைந்து ஷார்ட் ஆனாலும் சில லேப்டாப்புகள் ஆன் ஆகாது. பென்டிரைவைத் தலைகீழாகக் குத்தும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதையும் பார்க்க வேண்டும்.

பேட்டரி பற்றி ஒன்றே ஒன்று. டச்பேடு மேலே எழும்பி நின்றாலோ, லேப்டாப் மேஜையில் படுக்காமல் ஆடினாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவாருங்கள். அமுக்கி உள்ளே தள்ளுவது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது எல்லாம் தீயில் முடியும். எடுத்த பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். அது கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போகும், அங்கே ஏற்கெனவே எரிந்தது போதும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கேட்டால்தான் கிடைக்கும்.

இவ்வளவையும் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. லேப்டாப் கொடுக்கும் விழாக்களில் பிள்ளைகளுக்குப் பெட்டியும் பையும் கொடுக்கிறார்கள். அதே மேடையில் பத்து நிமிடம் ஒதுக்கி, எர்த் பின் எதற்கு, சார்ஜர் ஸ்டிக்கரை எப்படிப் படிப்பது, பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது எப்படி என்று செய்து காட்டலாம். ஒவ்வொரு கல்லூரியிலும் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு மேஜை, ஒரு மீட்டர், சரியான வாட்டில் ஒரு நல்ல சார்ஜர் வைத்துவிட்டால், "என் சார்ஜர் போச்சா, லேப்டாப் போச்சா" என்ற கேள்விக்கு மாணவர்களே பதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைகளில் சிலர் இந்தத் தொழிலுக்கும் வரலாம். எங்கள் தெருவிலிருந்தே வரட்டும், பெண் பிள்ளைகளாகவும் வரட்டும். ஸ்க்ரூவைக் கழற்றப் பலம் தேவையில்லை, பொறுமைதான் தேவை.

என் தொழில்காரர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. போர்டு போய்விட்டது என்று சொன்னால் எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வந்தது, எங்கே நின்றது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்க மறுத்தால் மக்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம் என்பதையும் நானே என் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் என்னோடு பேசுவதில்லை.

உங்கள் வார இணைப்பின் தொழில்நுட்பப் பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றி வாராவாரம் வருகிறது, நானும் விரும்பிப் படிக்கிறேன். அதில் ஒரு வாரம் பிளக் பாயின்ட்டுக்கு இடம் கொடுங்கள். படம் வேண்டுமென்றால் அந்த அறுபட்ட பிளக் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, உங்கள் புகைப்படக்காரர் மதியம் இரண்டு மணிக்கு மேல் எப்போது வந்தாலும் எடுத்துக் கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு லேப்டாப் சர்வீஸ்காரி,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை - 81